இருபத்தைந்தாயிரம் வோல்ட்டும் சுமலதாவும்

கொடைக்கானல் பஜாரில் பிச்சை முகம்மது வைத்திருந்த டிவி ரிப்பேர் கடையில் சுமலதா ஆறு வருடமாக வேலை பார்த்தாள். ஐ.டி.ஐ. முடித்தவள். இலங்கையின் அப்புத்தளைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து கப்பலேறி வந்த குடும்பம். அவள் பிறந்தது பக்கத்து அட்டுவம்பட்டியில். ஒரு பெண் டிவிக்குள் கையை விடுவதை லாட்ஜ்காரர்கள் முதலில் நம்பாமல் பார்த்தார்கள். பிறகு அவளையே கேட்டு ஆளனுப்பினார்கள்.

2003 மழைக்காலத்தில் ஒரு நாள், பிளக்கைப் பிடுங்கிப் பத்து நிமிடமான ஒரு டிவிக்குள் கையை விட்டாள். பிக்சர் ட்யூப்பின் முதுகில் ஒரு ரப்பர் மூடி இருக்கும். அதற்கடியில்தான் இருபத்தைந்தாயிரம் வோல்ட் வந்து சேரும். செட்டை நிறுத்தினாலும் ட்யூப் அதைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அது அவளுக்குத் தெரியும். அன்றைக்கு அவசரத்தில் மறந்துவிட்டாள். விரல் மூடிக்கு அருகே போனதுதான் தெரியும். அடுத்த நொடி பின்னாலிருந்த அலமாரியில் முதுகு மோதிக் கீழே கிடந்தாள். வலது கை தோள்பட்டை வரைக்கும் தன்னுடையதாகவே இல்லை.

கை மூன்று நாளில் சரியாகிவிட்டது. பயம் போகவில்லை. டிவியின் பின்மூடியைக் கழற்றும்போதே உள்ளங்கை வியர்த்தது. வீட்டில் ஒருநாள் ஸ்வெட்டரைக் கழற்றும்போது பனிக்காலத்துக் காய்ந்த காற்றில் கம்பளி படபடவென்று பொரிந்தது. அவள் போட்ட அலறலில் அம்மா மூக்கம்மா அடுப்படியிலிருந்து ஓடிவந்தாள்.

"என்னாத்துக்குப் புள்ள இப்படி நடுங்குற? சட்டைதானே?"

சுமலதா ஸ்வெட்டரைக் கொடியில் போட்டாள். வேறு வேலைக்குப் போய்விடலாமா என்று அன்று முழுக்க யோசித்தாள். தெரிந்த வேலை வேறு இல்லை.

ஜனவரியில் ஒரு லாட்ஜின் பெரிய டிவி கடைக்கு வந்தது. உயர் மின்சாரத்தை உண்டாக்கும் எல்.ஓ.டி. என்ற பாகம் ஒரே மாதத்தில் இரண்டு தடவை எரிந்திருந்தது. மூன்றாவதைப் போட்ட பிச்சை முகம்மது, ஸ்க்ரூ டிரைவரை எடுத்து அவளிடம் நீட்டினார். மூடிக்குப் பக்கத்தில் அதைக் கொண்டுபோய், பொறி எவ்வளவு தூரம் பாய்கிறது என்று பார்ப்பதுதான் அவர் பழக்கம்.

சுமலதா கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"என்னால முடியாது பாய். அளந்து பாக்கலாம்."

"எதை வச்சும்மா அளப்ப? நம்ம மீட்டரு ஆயிரம் வோல்ட்டுக்கு மேல தாங்காதே."

"ஆயிரத்துல ஒரு பங்காக் கொறைச்சு மீட்டருக்குக் குடுப்போம். நானே ஒண்ணு செஞ்சிர்றேன். அதுவரைக்கும் இந்தச் செட்டு இப்படியே கெடக்கட்டும்."

அவர் சிரித்தார். ஆனால் ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்துவிட்டார்.

மதுரைக்குப் போய், மின்சாரத்தை மட்டுப்படுத்தும் பத்து மெகாஓம் ரெசிஸ்டர் நூறு கேட்டாள். கடைக்காரர் "பத்தா, நூறா?" என்று இரண்டு தடவை கேட்டுவிட்டுத்தான் எண்ணினார். ஒரு ரெசிஸ்டர் முன்னூற்றைம்பது வோல்ட்தான் தாங்கும். நூறையும் வரிசையாகக் கோத்தால் இருபத்தைந்தாயிரமும் ஆளுக்கு இருநூற்றைம்பதாகப் பிரிந்துவிடும். பிளாஸ்டிக் குச்சி ஒன்றில் அவற்றைக் கொடி சுற்றுவதுபோல இடைவெளி விட்டுச் சுற்றினாள். மேல்சுற்றும் கீழ்ச்சுற்றும் நெருங்கினால் நடுவே பொறி தாவும். சால்டர் வைத்த இடத்தில் ஈயம் ஊசிபோல நீட்டிக்கொண்டிருந்தாலும் அங்கிருந்து மின்சாரம் கசியும். அதனால் ஒவ்வொரு முனையையும் மிளகுபோல உருட்டினாள். கடைசியில் மீட்டருக்குப் போகும் சிறிய ரெசிஸ்டரையும் குழாய்க்குள்ளேயே பற்றவைத்தாள். மீட்டர் வயர் நழுவினாலும் முழு மின்சாரமும் அந்த முனைக்கு வந்துவிடக் கூடாது. இரண்டடிப் பிளாஸ்டிக் குழாய்க்குள் எல்லாவற்றையும் இறக்கி, மெழுகை உருக்கி ஊற்றினாள். முன்னூறு வோல்ட்டில் வைத்துப் பார்த்தாள். சரியாகக் காட்டியது.

அதற்குப் பிறகும் நான்கு நாள் அதைத் தொடவில்லை. மூடுபனி இறங்கிக்கொண்டிருந்தது. ஈரக் குழாயின் மேலேயே மின்சாரம் ஊர்ந்து வரும் என்று பிச்சை முகம்மதிடம் சொன்னாள். அது உண்மைதான். ஆனால் பனி விலகாமலே இருந்தால் நல்லது என்றும் அவள் மனம் நினைத்தது.

ஐந்தாம் நாள் பளிச்சென்று வெயில் அடித்தது.

குழாயைத் துணியால் துடைத்தாள். பிளக் பிடுங்கியிருக்கிறதா என்று மூன்று தடவை பார்த்தாள். ட்யூப்பில் தேங்கியதை எர்த் வயர் கட்டிய நீளக் குச்சியால் எர்த்தில் இறக்கினாள்; இரண்டு நிமிடம் கழித்து மறுபடியும் இறக்கினாள். பிறகு குழாயின் முனையை மூடிக்கடியில் மாட்டிவிட்டு, குழாயின் எர்த் கிளிப்பை டிவியின் எர்த்தில் கவ்வவிட்டாள். இன்னொரு எர்த் வயரை எடுத்து வேறொரு இடத்தில் ஸ்க்ரூ போட்டு முடுக்கினாள்.

"ரெண்டு எதுக்கும்மா?"

"எர்த்து கழண்டுச்சுன்னா மீட்டரே இருபத்தஞ்சாயிரத்துல நிக்கும் பாய். யாரும் எதையும் தொட வேணாம். தள்ளியே நில்லுங்க."

சுவிட்சை அறையின் அந்தக் கடைசிக்குக் கொண்டுபோயிருந்தாள். இடது கையை இடுப்புக்குப் பின்னால் வைத்துக்கொண்டு போட்டாள்.

செட் உறுமியது. மீட்டரில் ஆயிரத்துக்கு ஒன்றாக எண் ஏறியது. இருபது, இருபத்திநாலு, இருபத்தாறு. அங்கே நிற்கவேண்டிய எண் நிற்கவில்லை. இருபத்தொன்பது, முப்பது. டிவிக்குள்ளிருந்து பாம்பு சீறுவதுபோல ஒரு சத்தம் வந்தது.

"வெயிலுல எண்ணு தெரியலையே" என்று முனகிக்கொண்டே பிச்சை முகம்மது மேஜையருகே போய் மீட்டரைக் கையில் தூக்கினார். வயர் இழுபட்டது. எர்த் கிளிப் தெறித்து மேஜையில் விழுவதை அவள் கண்ணால் பார்த்தாள். சுவிட்சை அடித்து அணைத்தாள்.

பிச்சை முகம்மது அப்படியே நின்றுகொண்டிருந்தார். மீட்டர் கையில் இருந்தது.

"முப்பத்தொண்ணு காட்டுச்சும்மா" என்றார்.

"பாய்... கீழ பாருங்க."

கழன்று கிடந்த கிளிப்பை அவர் பார்த்தார். பிறகு ஸ்க்ரூவில் நின்ற இரண்டாவது வயரைப் பார்த்தார். மீட்டரை மெதுவாக வைத்துவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தார். முகம் வெளுத்துப்போயிருந்தது.

"என் புள்ளைக தப்பிச்சிருச்சுக" என்றார்.

சுமலதா சுவரோடு சாய்ந்து நின்றாள். பிறகு குச்சியை எடுத்து ட்யூப்பை மறுபடியும் எர்த்தில் இறக்கினாள்.

முப்பத்தோராயிரம் வந்தால் எந்த எல்.ஓ.டி.யும் எரியத்தான் செய்யும். அதைக் கட்டுக்குள் வைக்கும் சின்னக் கன்டென்சர் ஒன்று சத்தில்லாமல் போயிருந்தது. அதை மாற்றிவிட்டு மாலையில் அளந்தபோது எண் இருபத்தைந்தரையில் நின்றது. மூன்றாவது எல்.ஓ.டி. எரியவில்லை.

தட்டை டிவிகள் வந்து அந்தப் பெரிய ட்யூப்கள் குறையும்வரை, இன்னும் ஐந்தாறு வருடம் அவள் அந்தக் குழாயால் அளந்தாள். பயம் தெளிந்ததா என்று யாராவது கேட்டால் இல்லை என்றுதான் சொன்னாள். ஒவ்வொரு தடவையும் உள்ளங்கை வியர்த்தது. அதைப் பாவாடையில் துடைத்துக்கொண்டுதான் குழாயை எடுத்தாள்.

அவள் அதை எடுப்பதைக் கண்டால் பிச்சை முகம்மது எந்தச் சோலியாக இருந்தாலும் போட்டுவிட்டு எழுந்து போவார். எதிர் டீக்கடையில் கிளாஸைக் கையில் பிடித்தபடி, டீ ஆறிப்போவதுகூடத் தெரியாமல் கடை வாசலையே பார்த்துக்கொண்டு நிற்பார். சுமலதா படிக்கு வந்து, "வாங்க பாய், முடிஞ்சிருச்சு" என்று சொல்லும்வரை தெருவைத் தாண்ட மாட்டார்.