நூற்றில் ஒன்று

அப்பாவுக்குச் சாதகத்தில் இருந்த நம்பிக்கை கடவுளில்கூட இருந்ததா என்பது எனக்குச் சந்தேகம். அளவெட்டியிலிருந்து ஒரு வாத்தியார் சம்பந்தம் வந்தது. வீட்டில் எல்லாருக்கும் பிடித்திருந்தது, எனக்குக் கொஞ்சம் கூடுதலாகவே. மாப்பிள்ளைக்கு லேசான செவ்வாய்க் குற்றம், பரிகாரம் செய்தால் தீரும் என்று தரகர் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். "துளி எண்டாலும் என்ரை பிள்ளைக்கு வேண்டாம்" என்று அப்பா சாதகத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். ஒரு கிழமை நான் அவரோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை.

பிறகு லண்டன் மாப்பிள்ளை வந்தார். தொண்ணூறில் சண்டை திரும்பத் தொடங்குவதற்குச் சில மாதம் முந்தி அது. பொருத்தம் உத்தமம் என்று அப்பா ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். இணுவில் கந்தசுவாமி கோயிலில் என்னைப் பார்த்துவிட்டு, தரகரோடு வீட்டுக்கு வந்தவர்களுக்கு அம்மா வடையும் பயத்தம் பணியாரமும் வைத்தார்.

என்ன வேலை என்று அப்பா மாப்பிள்ளையைக் கேட்டார். கம்பியூட்டரைத் தானாகவே பழகவைக்கிற வேலையாம். ஒருநாள் அது மனிதரைவிடக் கெட்டித்தனமாக யோசிக்குமாம். அப்போதும் நாங்கள் சொல்வதைக் கேட்குமோ என்று அம்மா பகிடியாகக் கேட்டார். அவர் பகிடியாக எடுக்கவில்லை. கேட்காமலும் விடலாம், மனித இனத்தையே இல்லாமல் ஆக்கவும் கூடும், தன்னோடு வேலை செய்கிற சிலரே அப்படிப் பயப்படுகிறார்கள் என்றார்.

"நடக்கிறதுக்கு நூற்றிலை ஒண்டுதான் இருக்கும், அன்ரி" என்று சொல்லிவிட்டு இன்னொரு வடையை எடுத்தார்.

தான் சொன்னது இந்த மனிதரின் காதில் விழவில்லையா? பெண் பார்க்க வந்த இடத்தில் பெண் வாய் திறப்பதில்லை. நான் திறந்தேன்.

"அந்த ஒண்டு நடந்தால்?"

இவ்வளவு ஷெல்லுக்குள் இருந்தவர்கள் இதற்கா பயப்படுவது என்று சிரித்தார். "நடந்தால் கவலைப்பட ஒருத்தரும் மிஞ்சமாட்டினம்தானே."

எனக்குச் செத்த வீடுகள்தான் ஞாபகம் வந்தன. செத்த வீட்டில் அடுப்பு மூட்டமாட்டார்கள். பக்கத்து வீட்டார்தான் சமைத்துக்கொண்டு போவார்கள். முந்திய சண்டையில் ஷெல் விழுந்த வீடுகளுக்கு நாங்களும் சோறு கொண்டுபோனோம். எவ்வளவு பெரிய சாவென்றாலும் சோறு கொண்டுபோக ஒரு வீடு மிஞ்சியிருந்தது. இவர் சொல்வதில் அந்த வீடும் இல்லை. அது தெரிந்தும் நாளைக்கு அதே வேலைக்குத்தான் போவார்.

அப்பா படலை வரை போய் மரியாதையாக வழியனுப்பிவிட்டு வந்தார். லண்டன் என்றதும் மயங்கிவிட்டார், என் கதை முடிந்தது என்று நினைத்தேன்.

அடுத்த நாள் தரகர் முகமெல்லாம் சிரிப்பாக வந்தார். அப்பா சாதகத்தை அவர் கையில் கொடுத்து, பொருத்தம் இல்லை என்றார். தரகர் திகைத்துப்போனார். உத்தமம் என்று சொன்னவரே அப்பாதானே. கதவுக்குப் பின்னால் நின்று நான் கேட்டுக்கொண்டிருந்தேன். எனக்குத் தெரிய அப்பா சாதகத்தின் பேரில் சொன்ன ஒரே பொய் அதுதான்.

தரகர் விடவில்லை. மாப்பிள்ளை ஏதோ கதைத்ததை மனதில் வைக்கவேண்டாம், நூற்றில் ஒன்றுதானே என்று மன்றாடினார்.

"அளவெட்டிப் பெடியனாலை என்ரை பிள்ளை ஒருத்திக்குத்தான் ஆபத்து" என்றார் அப்பா. "அதுக்கே வேண்டாம் எண்டனான். உதுக்கு எப்பிடி ஓம் சொல்லுறது?"