ஒரு வரி குறைந்த ஜெபம்

சிலிண்டர்காரருக்குத் தொண்டையில் ஏதோ கட்டியாம். சபையில் கீபோர்டு வாசிப்பவரின் மனைவி என் மனைவியிடம் சொன்னது. எல்லோரும் சேர்ந்து சொல்லும் கர்த்தருடைய ஜெபத்தில் ஒரு வரி வரும்போது மட்டும் அவருக்குக் குரல் அடைத்துக்கொள்கிறதாம். டாக்டர் ஆபரேஷனுக்கு நாள் குறித்துவிட்டாராம்.

குரல் நிற்பது உண்மைதான். மூன்றாம் வரிசை ஓரத்தில் நிற்பார். மைக் தேவைப்படாத தொண்டை. எழுபது பேரும் அந்தக் குரலின் முதுகில் ஏறித்தான் ஜெபத்தைக் கடப்போம். பிறர் எங்களுக்குச் செய்ததை நாங்கள் மன்னிப்பதுபோல எங்களையும் மன்னியும் என்று கேட்கிற இடம் வந்ததும் அவர் வாயை மூடிக்கொண்டு, வாசல் பக்கச் சுவரில் தொங்கும் தீயணைப்பானைப் பார்ப்பார். இருட்டில் படி தவறியவர்களைப்போல நாங்கள் முணுமுணுப்போம். அடுத்த வரிக்கு அவர் திரும்பி வந்து எங்களை ஏற்றிக்கொள்வார்.

அவரைச் சமையல் கேஸ் போடுகிறவர் என்று நினைப்பவர்கள் உண்டு. "அது பத்த வைக்கிற சிலிண்டர். நம்மளது அணைக்கிற சிலிண்டர்" என்று சிரிக்காமல் திருத்துவார். கட்டடம் கட்டடமாகப் போய், சிவப்புத் தீயணைப்பான்களைச் சோதித்துத் தேதிச் சீட்டு கட்டுவது வேலை. எங்கள் அலுவலகத்துக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை வருவார். எங்கே போனாலும் அவசர வழியைப் பார்த்துவிட்டு உட்காருகிற எனக்கு அன்றைக்கு மட்டும் நிம்மதி. அழுத்தம் காட்டும் முள் பச்சையில் நிற்கிறதா என்று பார்ப்பார். முத்திரையைக் கட்டைவிரலால் தடவுவார். பிறகு சிலிண்டரைத் தலைகீழாகத் தோளில் சாய்த்து, பால் குடித்த குழந்தைக்கு ஏப்பம் எடுக்கிற மாதிரி தட்டுவார்.

"சும்மா மாட்டியே வெச்சிருந்தா உள்ள பொடி இறுகிப்போயிடும் தம்பி. முள்ளு நல்லாத்தான் காட்டும். அவசரத்துக்கு ஒண்ணும் வராது."

தொண்டையைப் பற்றி ஒருமுறை நேராகவே கேட்டேன்.

"தொண்டைக்கு ஒரு கேடும் இல்ல. அந்த வரியைச் சொன்னா பொய்யாயிடும். பொய் சொல்றதுக்கு எதுக்கு தம்பி கோயில் வரைக்கும் போகணும்?"

"அப்ப உங்களுக்கு வர வேண்டிய மன்னிப்பு?"

"அது வெயிட்டிங் லிஸ்ட்ல இருக்கு."

பதினோரு வருடத்துக்கு முன்னால், அவர் இந்த நாட்டுக்கு வந்த இரண்டாவது மாதம், ஊரில் அம்மா இறந்துபோனார். அண்ணன் சொல்லவில்லை. அடக்கம் முடிந்து ஒன்பதாம் நாள், தெரிந்தவர் ஒருவர் ஆறுதல் சொல்லி அனுப்பிய செய்தியில்தான் அம்மா இல்லை என்பது இவருக்குத் தெரிந்தது. "புது வேலை, லீவு கிடைக்காது, தெரிஞ்சு நீ என்ன பண்ணப் போற" என்பது அண்ணனின் விளக்கம். அதோடு நிறுத்தியிருக்கலாம். "கடைசி ரெண்டு நாள் உன் பேரைத்தான் சொல்லிக்கிட்டிருந்தாங்க" என்றும் சொல்லிவிட்டார்.

அதன் பிறகு பேச்சு இல்லை. மாதம் ஒருமுறை அண்ணன் கூப்பிடுவார். அந்த எண்ணுக்குப் போனில் இவர் வைத்திருக்கும் பெயர் 'எடுக்காதே'. திரையில் எடுக்காதே என்று வரும், இவர் எடுக்க மாட்டார். "என் போன் சொன்னா நான் தட்ட மாட்டேன்" என்பார்.

போன மாதம் ஞாயிறு பள்ளியில் மனப்பாடப் போட்டி நடந்தது. அவருடைய எட்டு வயது மகள் கர்த்தருடைய ஜெபத்தைத் தங்குதடையில்லாமல் சொல்லிக்கொண்டே வந்து, ஓர் இடத்தில் வாயை மூடிச் சுவரைப் பார்த்துவிட்டு, மிச்சத்தைச் சொல்லி முடித்தாள். "ஒரு வரியை விட்டுட்டியேம்மா" என்றார் டீச்சர். "இல்ல டீச்சர். எங்க வீட்டுல அது கிடையாது" என்று அடித்துச் சொன்னாளாம். புத்தகத்தை விரித்துக் காட்டியதற்கு, "இது உங்க வீட்டு புக்" என்றாளாம்.

அவர் மனைவி அன்று அவரிடம் சொன்னது ஒரே வாக்கியம்தான். "பிள்ளைக்குச் சொத்து எழுதி வெக்கல, இதை எழுதி வெச்சிருக்கீங்க."

கடந்த ஞாயிறு குரல் நிற்கவில்லை. வழக்கம்போலத் தடுமாறத் தயாராக இருந்த நாங்கள் எழுபது பேரும் பின்தங்கிவிட்டோம். அந்த வரியை அவரும், அவர் இடுப்பு உயரத்தில் ஒரு கீச்சுக்குரலும் மட்டுமே சொல்லி முடித்தார்கள். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்துவிட்டதாம் என்றார் கீபோர்டுக்காரர் மனைவி.

இன்று அலுவலகத்துக்கு வந்தவர் அவராகவே ஆரம்பித்தார். "ஸ்கூல் பஸ்ஸுக்கு நிக்கும்போது பொண்ணுக்கு அந்த வரியைச் சொல்லிக் கொடுத்தேன். 'நீங்க முதல்ல சொல்லுங்கப்பா'ங்கறா. பஸ் லேட்டு. ஒன்பது தடவை சொல்ல வேண்டியதாப் போச்சு. முதல் அஞ்சும் சுத்தப் பொய். ஆறாவதுல அண்ணன் முகம் வந்துச்சு. அம்மா கட்டில் பக்கத்துல தனியா உக்காந்திருக்கான். அவனும் தனியாத்தான் இருந்திருப்பான்னு நான் நினைச்சே பாத்ததில்ல. ஒன்பதாவது பொய்யாத் தெரியல."

"மன்னிச்சிட்டீங்களா?"

"என்னால ஆகற காரியமா அது? கர்த்தர் கையில விட்டுட்டேன். நான் வாயைக் கொடுத்தேன், மிச்சத்தை அவர் பாத்துக்கிட்டாரு." சீட்டில் தேதியை எழுதிக்கொண்டே சொன்னார். "என்ன, ரெண்டு மாசமா அவன் கூப்பிடல. எப்பவும் தேதி தவற மாட்டான்."

பேனாவைச் சட்டைப்பையில் செருகிவிட்டுப் போனை எடுத்தார். ஸ்பீக்கரில் போட்டு என் மேசைமேல் வைத்தார். திரையில் 'எடுக்காதே' என்று ஒளிர்ந்தது. மணி போனது, போய்க்கொண்டே இருந்தது, நின்றது. மறுபடி போட்டார்.

"எடுக்கலையே, அண்ணே" என்றேன். "உடம்புக்கு ஏதாவது..."

"அவன் பதினோரு வருஷம் போன் அடிச்சான். நான் பத்து நிமிஷம் அடிச்சா என்ன தேய்ஞ்சா போயிடுவேன்?"

குரலில் ஒன்றும் தெரியவில்லை. மூன்றாவது முறை போட்டுவிட்டு, குனிந்து ஒரு சிலிண்டரைத் தூக்கித் தலைகீழாகத் தோளில் சாய்த்துக்கொண்டு தட்ட ஆரம்பித்தார். சற்று முன் தட்டி முடித்து, தேதிச் சீட்டும் கட்டியிருந்த அதே சிலிண்டர். மேசையில் மணி போய்க்கொண்டிருந்தது.