சமையலறை யன்னலில் என் நெஞ்சுப்படம்

முதலில் வந்தது இருமல். மிளகாய் பொரித்தால் எல்லோருக்கும் இருமல் வரும். எனக்குப் பொரித்து முடித்து, சட்டியைக் கழுவி, அடுப்பைத் துடைத்த பிறகும் நிற்கவில்லை. லண்டன் கிங்ஸ்பரியில் அது குளிர்காலம். ஹீட்டரைக் கூட்டினோம், கொத்தமல்லி அவித்துக் குடித்தேன், பார்மசியில் மூன்று விதமான இருமல் பாணி மருந்து வாங்கினேன். ஆறு வாரம் போயிற்று. ஒரு நாள் பஸ் தரிப்பிடத்தில் இருமியபோது கைலேஞ்சியில் ஒரு சிவப்புக் கோடு தெரிந்தது. அதைச் சுருட்டிக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனேன்.

இதை வாசிக்கிற யாராவது அப்படி ஒரு கைலேஞ்சியைச் சுருட்டி வைத்திருந்தால், தயவுசெய்து வேலைக்குப் போகாதீர்கள். மருத்துவரிடம் போங்கள். நான் மூன்று நாள் பிந்திப் போனேன்.

எக்ஸ்ரேயில் வலப்பக்க நுரையீரலின் மேற்பகுதியில் ஒரு புள்ளியும் அதைச் சுற்றி ஒரு மூட்டமும் இருந்தன. அடுத்து சி.டி. ஸ்கான் (உடலைப் பாண் ரொட்டித் துண்டுகள்போல மெல்லிய துண்டுகளாகப் படமெடுத்துக் காட்டும் கருவி). அதற்கடுத்து பிராங்கோஸ்கோபி (மூக்கு வழியாக மெல்லிய கமராக் குழாயை நுரையீரலுக்குள் விட்டுப் பார்ப்பது, மயக்கம் பாதிதான் வரும், வெட்கம் முழுதாக வரும்). எல்லாவற்றுக்கும் இவர் கூடவே வந்தார். இவர் என்றால் என் கணவர் ராசன். ஆஸ்பத்திரி நடைபாதையில் என் கோட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். பக்கத்துக் கதிரை காலியாக இருந்தாலும் அதில் வைக்க மாட்டார்.

மருத்துவர் உயரமான பெண். அவசரமில்லாமல் பேசுவார். "இது புற்றுநோய் என்று நான் சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்ல முடியவில்லை" என்றார். கமராவில் எடுத்த சளியில் இதுவரை ஒன்றும் தெரியவில்லை. சிலது வளர்ந்து தெரிய வாரக்கணக்காகும். ஊசியால் குத்தி எடுத்துப் பார்க்கலாம் என்றால், புள்ளி பெரிய இரத்தக் குழாய் ஒன்றுக்குப் பக்கத்தில் இருந்தது. ஆகவே நுரையீரலின் மேல் மடலை வெட்டி எடுத்துவிடுவதுதான் பாதுகாப்பு என்றார். மூன்று வாரத்தில் நாள் குறித்தார்கள்.

"முன்பு எப்போதாவது நெஞ்சுப்படம் எடுத்திருக்கிறீர்களா? பழைய படம் ஒன்று இருந்து, அதிலும் இந்தப் புள்ளி இதே அளவில் இருந்தால், நாங்கள் பொறுத்துப் பார்க்கலாம். புற்றுநோய் வருடக்கணக்காக வளராமல் இருப்பது அரிது."

"இல்லை" என்றேன். பொய் சொல்லவில்லை. அப்படி ஒரு படம் எனக்கு நினைவிலேயே இல்லை.

மூன்றாம் நாள் காலை, அடுப்புக்குப் பின்னால் சுவரில் தெறித்த எண்ணெயைத் துடைத்துக்கொண்டிருந்தேன். ஒரு துளி போகவில்லை. நகத்தால் சுரண்டினேன். கை அப்படியே நின்றது. இதேபோல் போகாத ஒரு துளியை நான் முன்பும் சுரண்டியிருக்கிறேன். குவாங்சோவில், எங்கள் வாடகை வீட்டுச் சமையலறையில், என்னுடைய சொந்த விலா எலும்புக்கு மேலே.

அதைச் சொல்வதற்கு நாங்கள் சீனாவில் இருந்த கதையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஜேர்மனியிலிருந்து லண்டனுக்கு மாறி வந்த பிறகு இவர் கவரிங் நகை வியாபாரத்தில் இறங்கினார். ஈஸ்ட் ஹாம் கடைகளில் விற்கும் சங்கிலி, தோடு, வளையல் பலதும் சீனாவிலிருந்துதான் வருகின்றன. அங்கேயே இருந்து தெரிந்தெடுத்து அனுப்பினால் நல்லது என்று குவாங்சோவுக்குப் போனார். மகள் அபி அப்போது ஏ லெவல் படித்துக்கொண்டிருந்தாள். அவளை வால்தம்ஸ்டோவில் என் தங்கை வீட்டில் விட்டுவிட்டு நானும் போனேன். மூன்று வருடம். அதற்காக அபி என்னை ஒரு சொல் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

அங்கே வீடு எடுத்தவுடன் பொலிசில் போய்ப் பதிய வேண்டும். குடிதண்ணீர் பெரிய போத்தலில் சைக்கிளில் வரும்; உடனே கதவைத் திறக்காவிட்டால் ஆள் போய்விடுவார். டாக்சிக்காரருக்குக் காட்டுவதற்கு விலாசத்தைச் சீனத்தில் எழுதிய துண்டு ஒன்று எப்போதும் என் பேர்சில் இருக்கும். அது தொலைந்தால் நானும் தொலைந்தேன். குளிர் முடிந்து சூடு வருகிற நேரத்தில் சுவரெல்லாம் வியர்க்கும். உடுப்பு ஒரு கிழமைக்குக் காயாது. சந்தையில் மெஷினில் தேங்காய் துருவித் தருவார்கள். கறிவேப்பிலைக்குத்தான் வழியில்லை; ஈஸ்ட் ஹாமில் வாங்கிக் காயவைத்துப் பெட்டியில் கொண்டுபோவேன். எனக்குத் தெரிந்தது சந்தைச் சீனம். எவ்வளவு, விலை கூட, வேண்டும், வேண்டாம், நாளைக்கு. மிச்சத்துக்கெல்லாம் தலையாட்டுவேன்.

வதிவிட அனுமதிக்கு (அங்கே தங்குவதற்குக் கடவுச்சீட்டில் ஒட்டும் அனுமதி) மருத்துவப் பரிசோதனை கட்டாயம். நெஞ்சுப்படம் எடுத்தார்கள். மேசையில் இருந்தவர் படத்தை வெளிச்சத்தில் பிடித்து, ஓரிடத்தைப் பேனையால் காட்டி ஏதோ சொன்னார். பிறகு என் முகத்தைப் பார்த்து இரண்டு தரம் இருமினார். பாவம், மனிதருக்குத் தடிமன், சளி பிடித்திருக்கிறது என்று நினைத்துத் தலையாட்டினேன். எங்கள் தலையாட்டல் ஓமா இல்லையா என்று எங்களுக்கே சில நேரம் விளங்காது. அவர் இல்லை என்று எடுத்துக்கொண்டார்போல. முத்திரை குத்திப் படத்தையும் கையில் தந்துவிட்டார். உங்களுக்கு இருமல் இருக்கிறதா என்று அவர் கேட்டிருக்கிறார் என்பது லண்டனில் அடுப்பைத் துடைக்கும்போதுதான் எனக்கு விளங்கியது.

வீட்டுக்காரி பெயர் லியாங். என் வயதுதான் இருக்கும். கீழ்த்தட்டில் இருந்தார். சமையலறை யன்னலில் ஒரு கண்ணாடி உடைந்திருந்தது. போட்டுத் தாருங்கள் என்று கேட்டால் "நாளைக்கு" என்பார். நான் அந்தச் சொல்லைப் படித்ததே அவரிடம்தான். மழை உள்ளே அடித்தது. மட்டை வைத்தால் வெளிச்சம் போய்விடும். நெஞ்சுப்படம் அளவாக இருந்தது. நாலு பக்கமும் டேப் போட்டு ஒட்டிவிட்டேன். காலையில் தேத்தண்ணி போடும்போது என் விலா எலும்புகளுக்கூடாக வெயில் வரும். மேலே ஒரு மூலையில் சின்னதாக ஒரு துளி. கடுகு வெடித்த எண்ணெய் என்று நினைத்தேன். சோப் போட்டு முன்னாலும் பின்னாலும் துடைத்தேன். போகவில்லை. பிறகு விட்டுவிட்டேன். மூன்று வருடம் அது எனக்கு யன்னலாகவே இருந்ததால்தான், மருத்துவர் கேட்டபோது என் வாயில் இல்லை என்று வந்தது.

துணியைப் போட்டுவிட்டு முன்னறைக்குப் போனேன். "இஞ்சாருங்கோ, படம் இருக்கு."

"என்ன படம்?" என்றார் இவர்.

"அங்க குசினி யன்னல்ல ஒட்டினது. அதில அந்தப் புள்ளி இருந்தது. நான் எண்ணெய் எண்டு துடைச்சனான்."

இவர் பேப்பரைக் கீழே வைத்தார். "வடிவா யோசிச்சுச் சொல்லும். எந்தப் பக்கம்?"

"மேல. சோப் போட்டும் போகேல்லை."

இவர் கண் கலங்கியது. திருமணம் முடித்து இருபத்து நாலு வருடத்தில் நான் அதை இரண்டாவது தரம் பார்க்கிறேன்.

அபி ஆஸ்பத்திரிக்குப் போன் எடுத்து எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் விளக்கினாள். திரும்பி வந்து, "அம்மா, அவை நம்பீனம். பட், ஞாபகம் காணாதாம். படம் வேணுமாம்" என்றாள்.

லியாங்குக்கு யார் போன் எடுப்பது? இவருக்கு என்னைவிட நல்ல சீனம் தெரியும். ஆனால் அந்த வீட்டை விட்டு லண்டனுக்கு வெளிக்கிடும்போது அந்தக் கண்ணாடிக்காகவே இவர் அவரோடு சண்டை பிடித்திருந்தார். இவர் குரலைக் கேட்டதும் லியாங் போனை வைத்துவிட்டார். ஆகவே நான் எடுத்தேன். இங்கே காலை ஏழு மணி, அங்கே பின்னேரம்.

நெஞ்சு, படம், நுரையீரல் எதற்கும் எனக்குச் சீனத்தில் சொல் தெரியாது. எலும்பு தெரியும், சூப்புக்கு வாங்கியிருக்கிறேன். சமையலறை தெரியும். யன்னல் என்ற சொல்லை மூன்று வருடமாக அவரிடமே சொல்லிக் களைத்திருக்கிறேன். "சமையலறை. யன்னல். என் எலும்பு. வேண்டும்" என்றேன்.

மறுமுனையில் லியாங் ஒரே ஒரு சொல் கேட்டார். நோய் என்ற சொல். மருந்துக்கடைகளில் கேட்டுப் பழகியது.

"ஓம்" என்று தமிழிலேயே சொல்லிவிட்டேன். சொல்லிவிட்டு அழுதேன். அதுவரை ஒருவருக்கு முன்னாலும் நான் அழவில்லை. லியாங் நீளமாக ஏதோ சொன்னார். ஒன்றும் விளங்கவில்லை. போனைக் காதில் வைத்துக்கொண்டு தலையாட்டினேன்.

படம் இருக்கிறது என்றாரா, எறிந்துவிட்டேன் என்றாரா என்று எனக்குத் தெரியவில்லை. நல்லவேளையாக இவருடைய நண்பர் யோகன் அந்தக் கிழமை நகை வாங்கக் குவாங்சோவுக்குப் போயிருந்தார். அவரை அந்த வீட்டுக்குப் போகச் சொன்னோம். சத்திரசிகிச்சைக்கு ஆறு நாள் இருக்கும்போது அவர் விமான நிலையத்திலிருந்து நேரே எங்கள் வீட்டுக்கு வந்தார். கையில் இரண்டு மட்டைகளுக்கு நடுவில் வைத்துக் கட்டிய ஒரு பொதி இருந்தது.

"அக்கா, அங்க இப்ப வேற ஆக்கள் இருக்கினம். எலும்பைப் பாத்துப் பயந்து, கழட்டச் சொல்லிப்போட்டினம். வீட்டுக்காரி கழட்டிப்போட்டுப் புதுக் கண்ணாடி போட்டவவாம்."

"கண்ணாடி போட்டவவோ?" என்றார் இவர். அந்த நேரத்திலும் இவருக்கு அதுதான்.

"ஓம் அண்ணை. ஆனா படத்தை எறியேல்லை. தன்ர மெத்தைக்குக் கீழ வைச்சிருந்தவ. ஒரு ஆளின்ர எலும்பை எப்பிடிக் குப்பையில போடுறது எண்டு என்னட்டைக் கேட்டவ."

பொதிக்குள் படத்தோடு ஒரு சின்னப் பையில் காய்ந்த தோடம்பழ (ஆரஞ்சுப் பழ) தோல் இருந்தது. அங்கே இருமலுக்கு அதை அவித்துக் குடிப்பார்கள். மூன்று வருடம் நான் கண்ணாடி கேட்டுத் திட்டிய மனுசி, என் எலும்பின்மேல் படுத்து நித்திரை கொண்டிருக்கிறார். அந்தப் பையை மூக்கில் வைத்து மணந்துகொண்டிருந்தேன்.

மருத்துவர் படத்தை வெளிச்சப் பெட்டியில் மாட்டினார். நாலு மூலையிலும் டேப் அடையாளம், ஓரத்தில் மஞ்சள் கறை. பழைய படத்தில் அளவுகோல் வைத்தார், புதியதில் வைத்தார், திரும்பப் பழையதில் வைத்தார். இவர் என் கோட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"அதே புள்ளி. அதே அளவு" என்றார் மருத்துவர். "இது பழைய வடு. சுற்றியிருக்கிற மூட்டம்தான் புதியது. வெட்டுவதை நிறுத்திவைப்போம்."

இரண்டு வாரம் கழித்து, வளரவைத்திருந்த சளியில் விடை வந்தது. காசநோய். சின்ன வயதில் எப்போதோ வந்து, நான் அறியாமலே ஆறி, வடுவாகக் கிடந்தது. இப்போது அதைச் சுற்றித் திரும்ப விழித்திருக்கிறது. ஊரில் இதைக் கசம் என்போம், அதையும் குரலைத் தாழ்த்தித்தான் சொல்வோம். நான் தாழ்த்தப்போவதில்லை. எனக்குக் கசம் வந்தது, மருந்து எடுத்தேன், சுகம் வந்தது. கோயிலில் இரண்டு பேர் தள்ளி இருந்தார்கள். நானும் அவர்கள் விரும்பிய அளவுக்குத் தள்ளியே இருந்தேன்.

மருந்து ஆறு மாதம். முதல் இரண்டு மாதம் நாலு வகை, பிறகு இரண்டு வகை, காலையில் வெறுவயிற்றில். சிறுநீர் செம்மஞ்சளாகப் போகும், பயப்படாதீர்கள், அது மருந்தின் நிறம். ஈரலைப் பார்க்க இரத்தம் எடுப்பார்கள். முதல் இரண்டு கிழமை தனி அறையில் படுத்தேன். கோப்பை, தட்டு வேறாக்கத் தேவையில்லை என்று தாதி சொன்னார். இவருக்கும் அபிக்கும் சோதித்தார்கள், ஒன்றும் இல்லை. நாலாவது மாதம் சுகமானதுபோல் இருக்கும், மனம் மருந்துக் குளிசையை விடச் சொல்லும். விடாதீர்கள். அந்த மாதம் அபிதான் தினமும் காலையில் தண்ணீரும் குளிசையும் கொண்டுவந்து, நான் விழுங்கும்வரை கட்டிலில் இருப்பாள். ஒரு நாள், "அம்மா, மூண்டு வருசம் உங்களை மோர்னிங்ல பாக்கேல்லைத்தானே" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். நான் காத்திருந்த சொல் அதுதான்.

கடைசிப் படத்தில் மூட்டம் போய்விட்டது. புள்ளி இருக்கிறது. அது இனி வாழ்நாள் முழுக்க இருக்கும் என்றார் மருத்துவர். பழைய படத்தைப் பிரதி எடுத்துக்கொண்டு திருப்பித் தந்தார். லியாங்குக்குப் போன் எடுத்து, "எலும்பு நல்லம்" என்றேன். அவர் சிரித்தார்.

முன்பெல்லாம் உடம்பு என்றால் இன்றைக்கு நோகிறதா, இல்லையா என்பதுதான் எனக்கு. இப்போது மாடிப்படி ஏறி மூச்சு வாங்கும்போது, எனக்கே நினைவில்லாத ஒரு வயதும் என்னோடு சேர்ந்து ஏறுவதாக இருக்கிறது. அது எங்கே, யாருடைய இருமலிலிருந்து வந்தது என்று இனி ஒருவராலும் சொல்ல முடியாது.

படத்தைக் கிங்ஸ்பரிச் சமையலறை யன்னலில் ஒட்டியிருக்கிறேன். இங்கே கண்ணாடி உடையவில்லை. அயலவர்கள் என்ன நினைப்பார்கள் என்று இவர் ஒரு கிழமை முணுமுணுத்தார். இப்போது அதற்குக் கீழேயே நின்று எனக்குத் தேத்தண்ணி போடுகிறார். வெயில் வருகிற காலைகளில் என் எலும்புகள் அடுப்பின்மேல் விழும். எண்ணெய் தெறித்தால் கண்ணாடி முழுவதும் துடைப்பேன். அந்தப் புள்ளியை மட்டும் துடைப்பதில்லை.