தூங்கும் கொடிகளுக்குத் துட்டி கேட்டவன்

இன்று காலை கம்பியில் காயப்போட்டிருந்த கைலியை எடுக்கப் போனேன். மடிய மாட்டேன் என்றது. இரவெல்லாம் வெளியே கிடந்ததில் ஈரம் உறைந்து பலகை போல விறைத்திருந்தது. அதை அப்படியே கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, கதவைச் சுமந்து போகும் ஆசாரி மாதிரி அறைக்குள் வந்தேன். நியூசிலாந்தின் தெற்குத் தீவுக்குத் திராட்சைத் தோட்ட வேலைக்கு நான் வருவது இது மூன்றாவது முறை. சாயங்காலமே துணியை எடுத்து உள்ளே போட வேண்டும் என்ற புத்தி இன்னும் வரவில்லை. எங்கள் ஊர் சுருளிப்பட்டியில் துவைத்துப் போட்டு டீ குடித்துவிட்டு வருவதற்குள் கைலி காய்ந்திருக்கும்.

முதல் முறை கிளம்பியபோது இந்தக் குளிரைப் பற்றி எனக்கு யாரும் சொல்லவில்லை. ஐந்து மாத ஒப்பந்தம், திராட்சைக் கொடியைக் கத்தரித்துவிடும் கவாத்து வேலை, கூலி நம் ஊரைப்போலப் பல மடங்கு. இவ்வளவுதான் தெரியும். எங்கள் பக்கம் வெளிநாடு என்றாலே வளைகுடாதான். என் மனைவி ஈஸ்வரியின் அண்ணன் முருகேசன் சவுதியில் லாரி ஓட்டிவிட்டு வந்தவர். பெட்டி கட்டும் பொறுப்பை அவரே எடுத்துக்கொண்டார்.

"மாப்ளே, வெயிலு மண்டையப் பொளந்துரும். பருத்திச் சட்டையா எடுத்துக்கங்க. குளுக்கோஸ் மறந்துறாதீக. கம்பளிய அங்கன சுமந்துக்கிட்டு அலையவா போறீக?"

கம்பளி வெளியே போனது, கூலிங் கிளாஸ் உள்ளே வந்தது. அதோடு விட்டாரா? பஸ் ஸ்டாப்பில் எனக்கு ஒரு ஃபிளெக்ஸ் போர்டும் வைத்துவிட்டார். அதில் நான் விமானத்தைவிடப் பெரிதாக இருந்தேன். ஒப்பந்த வேலைக்குப் போகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: போகிற இடத்தில் அந்த மாதம் என்ன பருவம் என்று முதலில் கேளுங்கள். சம்பளத்தை விசாரித்த அவசரத்தில் நான் அதைக் கேட்க மறந்துபோனேன்.

வைகாசியில், ஊரில் வெயில் கொளுத்தும்போது இங்கே குளிர்காலம் தொடங்கும் நேரத்தில், வந்து இறங்கினேன். தோட்டத்து முதலாளி கிரஹாம் வேனோடு காத்திருந்தார். பருத்திச் சட்டையில் பல் கிடுகிடுக்க ஏறி உட்கார்ந்தவன், தோட்டம் கண்ணில் பட்டதும் குளிரையே மறந்துவிட்டேன். மலையடிவாரம் வரைக்கும் வரிசை வரிசையாகத் திராட்சை. ஒரு கொடியிலும் ஒரு இலைகூட இல்லை. எல்லாம் பழுப்பேறிய வெறும் குச்சி.

எங்கள் கம்பம் பள்ளத்தாக்கில் திராட்சைக்கு லீவே கிடையாது. கவாத்து வெட்டினால் நாலு மாதத்தில் பழம். பறித்து முடித்துக் கொஞ்ச நாள் விட்டு மறுபடி வெட்டு. பந்தலில் எந்நேரமும் பச்சை இருக்கும். இலையில்லாத கொடியை நான் பார்த்தது இரண்டே சமயங்களில்தான்: வெட்டிய அன்று, இல்லையென்றால் பட்டுப்போன அன்று. இங்கே கத்தரி பட்ட அடையாளமே இல்லை. வேர் அழுகியிருக்கும் என்று நினைத்தேன். முதலில் அந்த மனிதருக்காகப் பரிதாபப்பட்டேன். அடுத்த நிமிடம் எனக்காகப் பரிதாபப்பட்டேன். பட்டுப்போன தோட்டத்தில் கவாத்துக்காரனுக்கு என்ன வேலை? மூன்றாம் நாளே திருப்பி அனுப்பிவிட்டால், அந்த ஃபிளெக்ஸ் போர்டுக்குக் கீழே எந்த முகத்தோடு பஸ்ஸை விட்டு இறங்குவேன்?

என் கவலையைப் பின்னால் பார்க்கலாம், முறை என்று ஒன்று இருக்கிறதே. துக்கம் விசாரிப்பதை நாங்கள் துட்டி கேட்பது என்போம். இரண்டு கைகளையும் நீட்டித் துக்கக்காரர் கையைப் பிடித்து, தலை குனிந்து, ஒன்றும் பேசாமல் நிற்க வேண்டும். வேனை விட்டு இறங்கியதும் கிரஹாமுக்கு அப்படியே செய்தேன். எனக்குக் கண்ணே கலங்கிவிட்டது. அவர் ஒரு கணம் திகைத்தார். பிறகு முகம் மலர்ந்து, "ஆ! இண்டியன் வே!" என்று என் கைகளைப் பிடித்து அதேபோலத் தலை குனிந்தார். துக்கத்தில் மனிதருக்குச் சித்தம் கலங்கிவிட்டது என்றே முடிவு செய்தேன்.

அன்று போனில் ஈஸ்வரியிடம் சொன்னேன். "பட்டுப்போன தோட்டத்துக்கா வெளிநாட்டுலருந்து ஆளக் கூப்பிட்டாக?" என்றாள். நாளைக்குச் சொல்கிறேன் என்று போனை வைத்தேன்.

மறுநாள் கிரஹாம் கத்தரியைக் கொடுத்தார். மனம் நொந்தவரை எதிர்த்துப் பேச வேண்டாம் என்று ஒரு குச்சியை வெட்டினேன். உள்ளே பச்சை! நகத்தால் இன்னொன்றைச் சுரண்டினேன். அதுவும் பச்சை. அந்தக் குளிரில் உடம்பு ஒருமுறை குப்பென்று வியர்த்தது. என் வேலை பிழைத்துவிட்டது. ஓடிப்போய், இலை எங்கே என்று கையை ஆட்டிக் கேட்டேன். கன்னத்தில் கை வைத்துத் தலையைச் சாய்த்துக் காட்டினார். குளிர்காலம் முழுக்கக் கொடிகள் தூங்குமாம். நம் ஊரில் வெட்டியதும் மொட்டு உடைய மருந்து தடவுவோமே, தடவட்டுமா என்று சைகையால் கேட்டேன். பதறிவிட்டார். "நோ, நோ! லெட் தெம் ஸ்லீப்!"

அதற்குள் என் துட்டி ஊர்கோலம் கிளம்பிவிட்டது. தினமும் காலையில் கிரஹாம் இரண்டு கைகளையும் நீட்டித் தலை குனிவார். பிறகு அவர் மனைவி. அப்புறம் பசிபிக் தீவுகளிலிருந்து வந்த வேலையாட்கள் ஒவ்வொருவராக வரிசையில். எனக்கு மரியாதை செய்கிறார்களாம். விடிந்ததும் தோட்டம் துட்டி வீடாகிவிடும். விளக்கிச் சொல்ல முதலில் ஆங்கிலம் வரவில்லை. வந்த பிறகு மனசு வரவில்லை. வேலை நன்றாகவே போனது. ஊரில் பந்தலை அண்ணாந்து பார்த்துக் கழுத்து வலிக்கும். இங்கே கொடியைக் கட்டிய இடுப்புயரக் கம்பிக்குக் குனிந்து இடுப்பு வலித்தது.

ஒப்பந்தம் முடிந்த வாரம், நான் வெட்டிய குச்சிகளில் மொட்டுகள் உப்பத் தொடங்கியிருந்தன. இன்னும் பத்துப் பதினைந்து நாள் இருந்தால் இலை பார்த்திருக்கலாம், விசா விடவில்லை. கிளம்பும்போது கிரஹாம் என் கைகளைப் பிடித்துத் தலை குனிந்து, ஒன்றும் பேசாமல் நின்றார். அன்றைக்கு அது பொருத்தமாகவே இருந்தது. நானும் தலை குனிந்தேன்.

தேனி பஸ் ஸ்டாண்டில் மச்சான் முருகேசன் பைக்கோடு நின்றார். ஐந்து மாதப் பழக்கம் விடுமா? இரண்டு கைகளையும் நீட்டித் தலை குனிந்தேன். அவர் முகம் வெளுத்துவிட்டது. தோளில் கிடந்த துண்டு கைக்கு வந்துவிட்டது.

"ஆத்தாடி! யாரு மாப்ளே தவறுனாக?"

"யாருமில்ல மச்சான். அங்கன இப்படித்தான் கும்பிடுவாக" என்றேன்.

ஊரில் எங்கள் தோட்டத்துக்குப் போனால் அங்கேயும் வெறும் குச்சிகள்தான். நான் கிளம்பும் முன் வெட்டிவிட்டுப் போன வெட்டில் பழம் வந்து, பறித்து, முந்தின நாள்தான் ஈஸ்வரி ஆள் விட்டு மறு கவாத்தும் வெட்டியிருந்தாள். "ஒங்களுக்குன்னு ஒரு பழக்கொலைய விட்டு வச்சேங்க. குருவி கொத்திருச்சு" என்றாள். மருந்துச் சட்டியும் தயாராக இருந்தது.

"ரெண்டு நாளு தூங்கட்டுமே" என்றேன்.

என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "கொடி எங்கயாச்சும் தூங்குமா? நீங்க போய்த் தூங்குங்க. ஆளே ஒரு மாதிரியா வந்திருக்கீக."

தூங்கப் போகவில்லை. சட்டியை வாங்கிக்கொண்டு பந்தலுக்குக் கீழே போனேன். கிரஹாம் தோட்டத்தில் நான் வெட்டிய கொடிகள் தாமாகக் கண் விழிக்கிற நேரம் அது. பார்க்க நான் அங்கே இல்லை. ஊரில் அண்ணாந்து நின்று ஒவ்வொரு மொட்டாக மருந்து தடவி எழுப்பிக்கொண்டிருந்தேன். கழுத்து வலித்தது, கம்பிக்குக் குனிந்த இடுப்பும் இன்னும் வலித்தது.