பழைய என்பதற்கு ஓர் ஆங்கிலச் சொல்

போன மே மாதம் நண்பனின் மகன் கல்யாண வரவேற்பில் நான் ஆங்கிலத்தில் வாழ்த்துரை சொன்னேன். அதை நினைத்தால் இப்போதும் காது மடல் சூடாகிறது.

தக்கலையில் எனக்கு ஹார்டுவேர் கடை. நண்பன் இரணியல்காரன். பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சு. பிறகு அவன் மஸ்கட் போனான், நான் கடை வைத்தேன். மணப்பெண் பெங்களூரில் வளர்ந்தவள். அவள் வீட்டாரில் பாதிப்பேருக்குத் தமிழ் சரளமாக வராது. "நீ ரெண்டு வார்த்தை பேசணும் மக்கா" என்றுதான் நண்பன் சொன்னான். ஆங்கிலம் என்று முடிவெடுத்தது நான்.

கடைக்கு ஆங்கிலப் பேப்பர் வாங்குகிறேன். எங்கள் மாவட்டத்தைப் பற்றி எழுதும்போதெல்லாம் அதில் 'எர்ஸ்ட்வைல் திருவிதாங்கூர்' என்று வரும். பழைய திருவிதாங்கூர் என்று புரிந்துகொண்டேன். அது சரிதான். ஆனால் தமிழில் பழைய சிநேகிதன் என்றால் வெகுநாள் சிநேகிதன். பழைய கலெக்டர் என்றால் இப்போது கலெக்டராக இல்லாதவர். எர்ஸ்ட்வைல் இந்த இரண்டாவதற்கு மட்டும்தான் பொருந்தும். முன்னாள் என்று அர்த்தம். ஒரு காலத்தில் இருந்து, இப்போது இல்லாமல் போனது. எனக்கு அது தெரியாது. ராஜா காலத்துக் கம்பீரம் உள்ள சொல் என்று நினைத்தேன். அகராதியைப் பார்க்கத் தோன்றவே இல்லை.

மேடையில் ஏறி, மாப்பிள்ளையின் தகப்பனார் என் எர்ஸ்ட்வைல் நண்பர் என்றேன். பெண் வீட்டு வரிசையில் சிலர் நிமிர்ந்து பார்த்தார்கள். எனக்கு உற்சாகம் வந்துவிட்டது. முன்வரிசையில் பட்டுச்சேலையில் உட்கார்ந்திருந்த நண்பனின் மனைவியைக் கைகாட்டி, இவர் அவருடைய எர்ஸ்ட்வைல் மனைவி என்றேன். சிரிப்பு எழுந்தது. நானும் சிரித்தேன். ஏதோ பாராட்டுகிறேன் என்று நினைத்து அவள் எழுந்து எல்லோரையும் பார்த்துக் கும்பிட்டாள். சிரிப்பு இன்னும் கூடியது.

பந்தியில் பெண்ணின் தாய்மாமன் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். குரலைத் தாழ்த்தி, "தப்பா நினைக்காதீங்க சார். சம்பந்தி வீட்ல ரெண்டு பேரும் பிரிஞ்சிட்டாங்களா?" என்று கேட்டார்.

"யாரு சொன்னா?"

"நீங்கதானே சார் மேடையில சொன்னீங்க."

அவர்தான் எனக்கு அர்த்தம் சொன்னார். பிரியாணியை அப்படியே விட்டுவிட்டு, கையைக் கழுவி, யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் பஸ் ஏறினேன். அதன்பின் நண்பன் போன் பண்ணினால் எடுக்கவில்லை. அவன் கடைக்கே வந்துவிடுவானோ என்று வாசலைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவர்கள் ஆராதனை முடிந்து வந்திருக்கும் நேரம் பார்த்து, நானே போனேன்.

நண்பன் என்னைக் கண்டதும் சிரித்தான். "லேய், நான் செத்துப்போனேன்னு நெனச்சியா, போன எடுக்க மாட்டேங்க?"

அவன் மனைவி சிரிக்கவில்லை. டீயைக் கொண்டுவந்து வைத்தாள்.

"எனக்கு அங்க ஒண்ணும் வெளங்கல்ல அண்ணே. எல்லாரும் சிரிக்காவ, நானும் கும்பிட்டேன். மறுநாள் மருமவ சொல்லித்தான் தெரியும்."

"விடுட்டி, அவன் வேணும்னா சொன்னான்?" என்றான் நண்பன்.

"தெரியாம சொன்னதுக்கு எனக்கு வருத்தமில்ல. தமிழ்ல பேசியிருந்தா எனக்கும் வெளங்கியிருக்கும்லா? எனக்க மோனுக்க கல்யாணம்லா அது."

தப்பான சொல்லைச் சொன்னதற்குத்தான் அத்தனை நாளும் வெட்கப்பட்டிருந்தேன். அவளுக்குப் புரியாத மொழியில், அவள் முன்னாலேயே அவளைப் பற்றிப் பேசியது எனக்கு உறைக்கவே இல்லை. அன்றைக்கு என்ன சொல்ல நினைத்தேன் என்பதைத் தமிழில் சொன்னேன். நண்பன் மஸ்கட்டில் இருந்தபோது, படுக்கையில் கிடந்த மாமனாரையும் பார்த்துக்கொண்டு, என் கடையில் ஒவ்வொரு மூட்டை சிமெண்டுக்கும் சண்டை போட்டு வாங்கி, இந்த வீட்டைக் கட்டி முடித்தவள் அவள்.

அவள் சேலைத் தலைப்பை இழுத்து விட்டுக்கொண்டாள்.

"டீ ஆறிப் போவும். குடியுங்கோ" என்றாள்.

கல்யாண வீடியோவைப் பிறகு பார்த்தேன். நான் மைக்கைக் கையில் வாங்குகிறேன். அடுத்த காட்சியில் போதகர் ஜெபம் செய்கிறார். நடுவில் இருந்ததை யார் வெட்டச் சொன்னார்கள் என்று நான் கேட்கவில்லை.