முன்பே சுட்டிருந்தார்கள்

ஒஸ்லோவுக்கு வந்த இரண்டாவது குளிர்காலத்தில், நாங்கள் குடியிருந்த வெஸ்ட்லியிலிருந்து ரயில் பிடித்து நோர்வே மொழி வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தேன். வகுப்பில் என் வலப்பக்கத்தில் காசாவிலிருந்து வந்த ஒரு எலெக்ட்ரீஷியன். இடப்பக்கத்தில் நோர்வேக்காரரைக் கல்யாணம் செய்துகொண்டு வந்த ஒரு இஸ்ரேலியப் பல் மருத்துவர். முதல் நாளே ஆசிரியை என்னைப் பிடித்து அவர்கள் இருவருக்கும் நடுவில் இருத்திவிட்டார்.

ஒருநாள் காலைச் செய்தியில், காசாவில் போர்நிறுத்தம் முறிந்துவிட்டது என்றார்கள். அன்றைய பாடமோ, ஒன்று நடப்பதற்கு முன்பே இன்னொன்று நடந்திருந்தது என்று சொல்வது எப்படி என்பது. 'நான் வந்தபோது ரயில் போயிருந்தது' என்று ஆசிரியை பலகையில் எழுதி, இதைப்போல் ஒன்று சொல்லச் சொன்னார்.

எலெக்ட்ரீஷியன் கையைத் தூக்கினார். "ராக்கெட் பறந்தபோது இஸ்ரேல் ராணுவம் உள்ளே வந்து சுட்டிருந்தது."

"நல்ல வாக்கியம்," என்றார் ஆசிரியை.

பல் மருத்துவர் கையைத் தூக்கவே இல்லை. "ராணுவம் உள்ளே போனபோது அவர்கள் சுரங்கம் தோண்டியிருந்தார்கள்."

"இதுவும் நல்ல வாக்கியம்."

"சுரங்கம் தோண்டியபோது நீங்கள் பாதைகளை அடைத்திருந்தீர்கள்!"

"பாதைகளை அடைத்தபோது நீங்கள் எங்களைத் தாக்கியிருந்தீர்கள்!"

இப்படியே இருவரும் வருடம் வருடமாகப் பின்னால் போனார்கள். எலெக்ட்ரீஷியனுடைய அக்கா காசாவில், பல் மருத்துவருடைய தம்பி இஸ்ரேலில் ராக்கெட் விழும் ஊரில் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். அதனால் யாரும் சிரிக்கவில்லை. ஆசிரியை மட்டும் பிழைகளைத் திருத்திக்கொண்டே இருந்தார்.

திடீரென்று எலெக்ட்ரீஷியன் என் பக்கம் திரும்பினார். "நீ இலங்கை. உங்களுக்கும் போர்நிறுத்தம் இருந்ததுதானே? நீ சொல்லு."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். எழுந்து நின்றேன். எங்கள் நாட்டிலும் ஒவ்வொரு பக்கமும் மற்றப் பக்கம்தான் முதலில் மீறியது என்று சொன்னது என்பதைத்தான் நான் சொல்ல நினைத்தேன். நோர்வே மொழியில் வினைச்சொல் இரண்டாவது இடத்தில் நிற்க வேண்டும். நான் தமிழ்ப் பழக்கத்தில் அதைக் கொண்டுபோய்க் கடைசியில் வைத்துவிட்டேன்.

"வினைச்சொல் இரண்டாவது!" என்று இரண்டு பக்கமிருந்தும் ஒரே நேரத்தில் குரல் வந்தது.

ஒரு கணம் இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். முதலில் சிரித்தது பல் மருத்துவர்தான். எலெக்ட்ரீஷியன் மேசையில் தட்டித் தட்டிச் சிரித்தார். வகுப்பே சிரித்தது. எனக்கும் வெட்கம் போய்ச் சிரிப்பு வந்துவிட்டது. இடைவேளையில் இருவரும் எனக்காக ஒரு தாளில் அந்த வாக்கியத்தைச் சரியாக எழுதித் தந்தார்கள். எழுதும்போதே மறுபடி தொடங்கிவிட்டார்கள்.

அன்று பின்னேரம் என் கணவர் கதையைக் கேட்டுவிட்டு, "அப்ப ஆராம் முதல் மீறினது?" என்றார்.

"அது இன்னும் முடியேல்லை. புதன்கிழமை திரும்பவும் வகுப்பு இருக்கு."

கோடையில் நடந்த பரீட்சையில் அவர்கள் இருவரும் முதல் தடவையிலேயே தேறினார்கள். நான் இரண்டாம் தடவை எழுதித் தேறினேன்.