மானிப்பாய் வெயிலும் இங்கிலாந்துக் குதிரையும்

ஓய்வு பெற்ற பிறகு என்னிடம் ஒட்டிக்கொண்ட ஒரே கெட்ட பழக்கம், மாலையில் சைக்கிளை எடுத்துக்கொண்டு பெட்டிங் கடைக்குப் போவது. இங்கிலாந்தில் ஓடும் குதிரைகளுக்கு மானிப்பாயில் இருந்தபடி காசு கட்டுவேன்.

சென்ற மாதம் ஒரு கிழமை முழுவதும் தோல்விதான். நான் கட்டிய குதிரை ஒன்றுகூட முன்னுக்கு வரவில்லை. ஒன்று பாதியிலேயே நின்றுவிட்டது. இத்தனைக்கும் நான் யோசித்துத்தான் கட்டினேன். வெயில் மண்டையைப் பிளந்தது; கிணற்றில் தண்ணீர் அடிக்குப் போயிருந்தது. அதனால் காய்ந்த தரையில் நன்றாக ஓடும் குதிரைகளாகப் பார்த்துத் தெரிவுசெய்தேன்.

ஞாயிற்றுக்கிழமை லண்டனிலிருந்து தங்கை தொலைபேசி எடுத்தாள்.

"கிழமை முழுக்க விடாத மழை, அண்ணை. வளவெல்லாம் சேறு. உடுப்புக்கூடக் காயுதில்லை."

"எங்கை, அங்கையோ?" என்று கத்திவிட்டேன்.

"பின்னை? நான் இருக்கிறது இஞ்சைதானே!"

விஷயம் விளங்கியதும் என் மனைவிக்குச் சிரிப்பு அடங்கவில்லை. "இஞ்சத்தை வெயிலைப் பாத்து அங்கத்தைக் குதிரைக்குக் காசு கட்டின ஆள் நீங்கள் ஒராள்தான்."

இப்போது கடைக்குப் புறப்படுமுன் தங்கைக்கு எடுத்து, அங்கே மழையா என்று கேட்கிறேன். அவள் மழையில் தொடங்கி, முழங்கால் வலி, பேத்தியின் நடன வகுப்பு என்று கதைத்து முடிக்கும்போது குதிரைகள் ஓடி முடித்துவிடுகின்றன. "அண்ணைக்கு இப்பதான் என்னிலை பாசம் வந்திருக்கு" என்று சொந்தக்காரருக்கெல்லாம் சொல்கிறாளாம்.

நேற்றும் எடுத்தேன். மழையைப் பற்றிக் கேட்க மறந்தே போனேன்.